சிசிலி பெயரில் பத்து வருடம்

அதிகாரிகள் வரும் நாட்களில் மெரினா அக்கா பிள்ளைக்காம்பராவுக்குள் இருக்க மாட்டார்.

முதல் நாள் மாலையே தோட்டத்து ஆபீசிலிருந்து செய்தி வந்துவிடும். காலையில் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக லயத்து வரிசை வீட்டுப் படியில் இறக்கிக் கூட்டி வருவார். கதவோரத்துப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, வெள்ளை மேலங்கியை மாட்டிவிட்டு, கட்டுப் போட்ட கால் தெரியாதபடி சேலையைக் கீழே இழுத்துவிடுவார். தொட்டில்களை ஒருமுறை பார்ப்பார். பிறகு பின்கதவால் இறங்கித் தேயிலைக்குள் போய் நின்றுகொள்வார்.

"இங்க புள்ளைங்கள பாக்குறது யாரு?" என்று வந்தவர் கேட்பார்.

"நான்தாங்க, சிசிலி. இருவத்தஞ்சு முப்பது வருசமா நான்தாங்க பாக்குறேன்."

ஒருமுறை, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. சிசிலி அம்மாவால் எழுந்து தூக்க முடியாது. "பசிங்க, தானா நின்னுரும்" என்று சொல்லிச் சமாளித்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தலையில் ஒரு உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு, அந்த அழுகையைக் கேட்டபடி மெரினா அக்கா தேயிலைக்குள் குந்தியிருந்தார். அது கொழுந்து பறிக்கப் போன நிலக்ஷியின் குழந்தை என்று சத்தத்திலேயே தெரிந்ததாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

அந்தத் தோட்டத்துக்குக் காகிதத்தில் தோர்ன்பரி என்று பெயர். எங்கள் வாயில் மொட்டைப்பாறை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. நானும் அங்கே கிடந்து வளர்ந்தவன். அப்போது பார்த்துக்கொண்டது உண்மையிலேயே சிசிலி அம்மா.

2015இல் அவருக்குச் சீனி நோயால் காலில் புண் வந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். அவர் படுத்திருந்த நாட்களில் மகள் மெரினா அக்கா பிள்ளைக்காம்பராவில் போய் நின்றார். ஒரு மாதம் என்றுதான் பேச்சு. அந்த மாதம் முடிந்தும் கால் ஆறவில்லை. ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்த கந்தப்பன் சேர்தான் ஒரு வழி சொன்னார்: "ஆள் யாரா இருந்தா என்ன, வேலை நடந்தா சரி. பேரு அப்படியே இருக்கட்டும்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப்பதிவான செக்ரோலிலிருந்து ஒருவர் பெயரை வெட்டிவிட்டால் அந்தப் பெயருக்கு உரிய லயக்காம்பராவையும் ஒருநாள் கேட்பார்கள். புதிய வீட்டுத்திட்டம் வந்தால் பட்டியலில் இடமிருக்காது. அதனால் எங்கள் தோட்டங்களில் பெயர் ஒருவருடையதாகவும் உடம்பு இன்னொருவருடையதாகவும் வேலை நடப்பது புதிதல்ல. அண்ணன் பெயரில் தம்பி கவ்வாத்து வெட்டியிருக்கிறான். மாமியார் பெயரில் மருமகள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறாள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

மெரினா அக்கா அப்படிப் பத்து வருடங்கள் அம்மாவாக வேலை செய்தார். காலை ஆறரைக்குத் திறப்பார். பால் போத்தல்களைச் சுடுநீரில் போடுவார். குழந்தைகளின் நிறை எடுத்து அட்டையில் குறிப்பார். அட்டையின் அடியில் 'சிசிலி' என்று கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்து அம்மாவுடையதைவிட அவருக்கே நன்றாக வந்தது.

இடையில், தன் சொந்தப் பெயரில் ஒன்றே ஒன்று செய்தார். வார இறுதிகளில் ஹட்டனுக்கு வந்து, முன்பள்ளிக் கல்வியில் இரண்டு வருட டிப்ளோமா முடித்தார். அந்தச் சான்றிதழை மாதா படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எதுவும் சொல்லாமல் அதைத்தான் முதலில் காட்டுவார்.

நான் பட்டம் முடித்து, அரசாங்க நியமனம் வரும்வரை என்று சொல்லிக்கொண்டு, ஹட்டனில் ஜமால்தீன் நானாவின் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். போட்டோக்கொப்பி, இணைய விண்ணப்பம், கடவுச்சீட்டுப் படிவம். எங்கள் லயத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான்தான். ஆகையால் காகிதம் சம்பந்தப்பட்ட எதுவும் எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை மெரினா அக்கா கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். கனடாவின் கிழக்கு மாகாணம் ஒன்று, பிள்ளைப் பராமரிப்புக்கு ஆள் போதவில்லை என்று அந்தத் தொழிலுக்கு மட்டும் தனியாக அழைப்பு விடுகிறதாம். கூடப் படித்த ஒருத்தி அனுப்பியிருந்தாள்.

"பாருங்க தம்பி, நம்ம வேலைக்கு அங்க ஒரு நம்பர் வச்சிருக்காங்க. நாலு ரெண்டு ரெண்டு சைபர் ரெண்டு."

பார்த்தேன். 42202. அதன் கீழே வேலைகளின் விவரம்: குழந்தைகளுக்கு உணவு கொடுத்தல், பாதுகாத்தல், வளர்ச்சியைக் கவனித்துப் பதிவு செய்தல். அவர் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"இதெல்லாம் நான் செய்றது."

"ஆமாக்கா."

"இதுல எங்கயும் அம்மா பேரு இல்லல்ல?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அவருக்கு வேண்டியது கனடா மட்டும் இல்லை என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்தப் பத்து வருடங்களும் தன்னுடையவை என்று எங்கேயாவது ஒரு காகிதத்தில் எழுதப்பட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார்.

ஏழு மாதங்கள் படித்தார். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் காதில் வயரை மாட்டிக்கொண்டு ஆங்கிலம் கேட்டார். கண்டிக்குப் போய் ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சை எழுதினார். முதல் தடவை எழுத்தில் அரைப் புள்ளி போதவில்லை. இரண்டாம் தடவை சரியாக வந்தது.

"கனடாவுல புள்ளைங்க இங்கிலீசுலயா அழும்?" என்று சிசிலி அம்மா கேட்டார்.

"அழுகை எல்லா ஊருலயும் ஒன்னுதாம்மா."

"அப்புறம் எதுக்குடி இத்தன பரீட்சை?"

டிப்ளோமாவை மதிப்பீட்டுக்கு அனுப்பியது, பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை மொழிபெயர்த்தது எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியாக மீதமிருந்தது ஒரு கடிதம். எந்த நாளிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை என்று வேலைகொடுத்தவர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

இருவரும் கந்தப்பன் சேரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"செக்ரோல்ல இருக்குறது உங்கம்மா பேரு. நான் என்னத்த எழுதுறது?"

"பத்து வருசமா என்னைய நீங்க பாக்கலையா சேர்?"

"பாத்தேன் புள்ள. நான் பாத்தது செக்ரோல்ல இல்லையே."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். கடைசியில், "நீயே டைப் பண்ணிக்கிட்டு வா தம்பி. நான் சைன் வக்கிறேன். மெரினா செஞ்சத மெரினா செஞ்சான்னு சொல்றதுல என்ன பாவம்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆபீஸ் நம்பரப் போட்டுறாத. புதுசா வந்த மேனேஜர் தொரை, போன் அடிச்சா செக்ரோல் பொஸ்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் பேசுறாரு. புள்ளக்காம்பரா போன் ஒன்னு இருக்குல்ல, அதைப் போடு" என்றார்.

பிள்ளைக்காம்பராவுக்கென்று தோட்டம் கொடுத்த ஒரு சின்ன போன் இருந்தது. சிம் சிசிலி அம்மா பெயரில். பகலில் அது மெரினா அக்காவின் இடுப்பில்தான் இருக்கும்.

கடையில் உட்கார்ந்து கடிதத்தைத் தட்டினேன். 'செல்வி மெரினா 2015 ஜூன் மாதத்திலிருந்து எமது தோட்டத்தில் பணியாற்றி வருகிறார்.' ஜமால்தீன் நானா பின்னால் வந்து நின்று படித்தார்.

"உள்ளது உண்மதானே தம்பி?"

"உண்மதான் நானா."

"அப்ப ஏன் ஒங்கட மொகம் இப்பிடி ஈக்கிது?"

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்டு இணையத்தளத்தில் ஒரு வரியைப் படித்திருந்தேன். வேலைகொடுத்தவரின் கடிதம் கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்று விளக்கி, வேறு ஆதாரங்களைக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. தாய்மாரிடம் சத்தியக்கடதாசி வாங்கியிருக்கலாம். பத்து வருட நிறை அட்டைகளில் இருந்த கையெழுத்தைக் காட்டியிருக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கலாம். ஆனால் அப்படி எழுதினால் அது அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன். சுத்தமான ஒரு பக்கக் கடிதம்தான் பலமானது என்று நினைத்தேன். அந்த வரியைப் பற்றி அக்காவிடம் சொல்லவே இல்லை. படித்த திமிர் என்று இதைச் சொல்லலாமா? அல்லது பயம்தானா? இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினோம். சிசிலி அம்மாவிடம் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். "யாராவது போன்ல கேட்டா, மெரினாதான் வேலை செய்றான்னு சொல்லணும். சரியாம்மா?" அவர் தலையாட்டினார். "வீட்டுக்காரங்க கேட்டா?" என்றார். "வீட்டுத்திட்டத்து ஆளுங்க கேட்டா பழையபடி சொல்லுங்க." எவ்வளவு எளிதாகச் சொன்னேன். இரண்டு கேள்வியும் ஒரே கேள்வி, ஒரே போனில்தான் வரப்போகிறது என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

அந்த வருடக் கடைசியில் மழை கொட்டியது. மெரினா அக்கா வீட்டு லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்பு மையால் குறியிட்டுவிட்டுப் போனார்கள். குறியிட்ட லயத்து ஆட்களுக்கு வேறு இடத்தில் வீடு. ஆனால் செக்ரோலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் முதலில். ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்து உறுதிப்படுத்தத் தொடங்கினார்கள். சிசிலி அம்மா இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஈரமா, இல்லையா என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மெரினா அக்கா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். சிசிலி அம்மா சந்தோஷமாக இருந்தார்.

"வியாழக்கிழம வீட்டு லிஸ்ட்டு ஆளுங்க பேசுனாங்க தம்பி. ஒரு பொம்பள. நல்ல மரியாதையா பேசுச்சு."

"போன் ஒங்ககிட்டயா இருந்துச்சு?" என்றார் அக்கா.

"புள்ளக்காம்பராவுல கரண்ட் இல்லன்னு நீதான சார்ஜுக்குப் போட்டுட்டுப் போன?"

"சரி, என்ன கேட்டாங்க?"

"தோர்ன்பரி புள்ளக்காம்பராவான்னு கேட்டாங்க. ஆமான்னேன். யாரு வேலை செய்றதுன்னாங்க. நான்தாங்க சிசிலின்னேன். எப்பவும் சொல்றதுதானே."

அக்காவின் கை நின்றது. தேத்தண்ணி ஒரு கோப்பையிலேயே இருந்தது.

"அப்புறம்?"

"மெரினான்னு யாரும் இருக்காங்களான்னு கேட்டாங்க. எம் மகதாங்கன்னேன். அவங்களும் அங்க வேலை செய்றாங்களான்னு கேட்டாங்க. ஒன்னுக்கு ரெண்டு பேரு ஒரே வேலைன்னு சொன்னா வீட்ட வெட்டிருவாங்கல்ல? இல்லீங்க, அது சும்மா வீட்டுலதான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

வீட்டுத்திட்டத்து ஆட்கள் இதுவரை யாரிடமும் பிள்ளைகளின் பெயரைக் கேட்டதில்லை. எனக்கு அது தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர் போனை எடுத்து நம்பரைப் பார்த்தார். கொழும்பு நம்பர். திருப்பி எடுத்துப் பார்க்கவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நல்லா சொன்னேனா?" என்று கேட்டார் சிசிலி அம்மா.

"நல்லா சொன்னீங்கம்மா," என்றார் மெரினா அக்கா.

மூன்று வாரங்கள் ஒன்றும் வரவில்லை. அக்கா தினமும் இரண்டு தடவை கடைக்குப் போன் எடுத்து, "ஏதும் வந்துச்சா?" என்று மட்டும் கேட்பார். ஒருவேளை அது உண்மையிலேயே வீட்டுத்திட்டத்து ஆட்களாக இருக்கலாம் என்று நான் சொல்வேன். "இருக்கலாம்," என்பார். இருவருமே நம்பவில்லை.

நாலாம் வாரம் கடிதம் வந்தது. வேலையிடத்தைத் தொலைபேசியில் தொடர்புகொண்டோம். அந்தப் பணியைத் தானே செய்வதாகவும், விண்ணப்பதாரர் அங்கே வேலை செய்யவில்லை என்றும் பதிலளித்தவர் கூறினார். முப்பது நாட்களுக்குள் விளக்கம் தரவும். பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று கடைசிப் பந்தியில் இருந்தது.

நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, சிசிலி அம்மாவின் முகம் மெல்ல மாறியது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொம்பள வீட்டு லிஸ்ட்டு இல்லையா?"

இல்லை என்று அக்கா தலையசைத்தார்.

"நான் ஒன்னையக் காப்பாத்தத்தானடி சொன்னேன்."

"தெரியும்மா."

"நான் வேணும்னா திருப்பி எடுத்துச் சொல்லட்டுமா? பொய் சொல்லிட்டேன்னு சொல்லட்டுமா?"

"அப்ப வீட்டுக்காரங்க வந்து கேட்டா என்னம்மா சொல்வீங்க?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சிசிலி அம்மா சுவரைப் பார்த்தார். சிவப்புக் குறி வெளிப்பக்கம்தான் இருந்தது. இருந்தும் அது உள்ளே தெரிவதுபோல அந்த இடத்தையே பார்த்தார்.

இருபத்தாறாம் நாள் மெரினா அக்கா கடைக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்து, "நடந்தத அப்படியே எழுதுங்க தம்பி," என்றார். எழுதினேன். அம்மாவின் கால், கந்தப்பன் சேர் சொன்ன வழி, கையெழுத்து, அதிகாரிகள் வரும் நாட்களில் தேயிலைக்குள் நின்றது எல்லாவற்றையும். தாய்மார் பதினொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். நிலக்ஷி தன் குழந்தையின் நிறை அட்டையையும் கொடுத்தாள். முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டிய பக்கம் அது. எழுதி முடித்தபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. அசிங்கமாக இல்லை.

"இத அனுப்பினா கந்தப்பன் சேருக்கு ஏதும் வருமா?"

"தெரியலக்கா."

"அம்மா வீட்டுக்கு?"

"அவங்க இங்க சொல்ல மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

ஜமால்தீன் நானா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "நெனைக்கிறதயும் தெரிஞ்சதயும் கொழப்பாதீங்க தம்பி, போன முறையும் நெனச்சித்தானே செஞ்சீங்க," என்றார்.

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தன் பெயர் இருந்த வரிகளை மட்டும் மெதுவாக வாசித்தார். பிறகு, "அனுப்புங்க," என்றார்.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. விளக்கத்தை வாசித்தார்களாம். ஆனால் சமர்ப்பித்த வேலைக் கடிதம் உண்மை நிலையைக் காட்டவில்லை. அந்தக் கடிதம் நான் தட்டியது. ஐந்து வருடங்கள். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து முடிந்திருந்தது. நாற்பது வயதில், வயதுக்குத் தரும் புள்ளிகள் எத்தனை மிஞ்சும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சான்றிதழை மாதா படத்துக்குக் கீழிருந்து எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தார்.

கந்தப்பன் சேர் இன்னும் ஆபீசில் இருக்கிறார். என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். புதிய தொரை பழைய செக்ரோல் புத்தகங்களை எடுத்துப் பார்ப்பதாக ஒரு பேச்சு இருக்கிறது. அது இந்த விசயத்துக்காகத்தானா என்று யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஒரு காலை, அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். பிள்ளைக்காம்பராவைத் திறக்க நேரமாகியிருந்தது. சாவி அக்காவின் கையில் இருந்தது. போன் அடித்தது. கொழும்பு நம்பர். கட்டிலில் இருந்த சிசிலி அம்மா அழைப்பை ஏற்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"யாரு பேரச் சொல்லட்டும்டி?"

அக்கா போனை வாங்கிக் காதில் வைத்தார். எதிர்ப்பக்கம் பேசியதைக் கேட்டார். வீட்டுத்திட்டம் என்று அவர் உதட்டசைவில் எனக்குக் காட்டினார். அது உண்மையா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

"சிசிலியோட மக பேசுறேங்க," என்றார். "அம்மா வீட்டுல இல்லீங்க. வேலைக்குப் போயிருக்காங்க."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, வெள்ளை மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, சாவியோடு படி இறங்கினார்.